பேசுவான், பேசுவான் என்றிருந்தோம்

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், இளம் தாய் ஒருவர் என் மனைவியின் அருகில் வந்து அமர்ந்தார். அக்கம் பக்கத்தில் எவரும் கேட்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "அன்ரி, உங்கட பேரனும் பிந்தித்தான் கதைச்சவராம். எங்கை கொண்டுபோய்க் காட்டினனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய மகளுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவருக்கு நான்கைந்து வெள்ளிக்கிழமைகள் சென்றனவாம்.

அக்குரலின் தாழ்வே என்னை இதனை எழுதத் தூண்டியது. எங்கள் வீட்டில் நடந்ததை அங்கத்தவர்கள் அறிந்தால், அடுத்த தாய் இவ்வளவு காலம் காத்திராமல் கேட்கக்கூடும். மகனிடமும் மருமகளிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பேரனின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். வளர்ந்தபின் அவன் என்னுடன் சண்டைக்கு வரக்கூடாதல்லவா?

அவன் ஸ்காபரோவில் பிறந்தவன். தவழ்ந்ததும் நடந்ததும் காலத்தோடுதான். சிரிப்பான், ஓடுவான், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவான். பேச்சு மட்டும் இல்லை. இரண்டாவது பிறந்தநாள் கேக் வெட்டியபோது அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்டிருந்த சொற்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

மருமகள் கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை. "பொறு பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம். இவன்ரை தகப்பனும் மூன்று வயதிலைதான் வாய் திறந்தவன்" என்றேன். (இது பொய் என்பது பின்னர்தான் தெரிந்தது. என் மகன் இரண்டு வயதிற்கு முன்பே பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் என்று என் மனைவி நினைவூட்டினார். பிந்திப் பேசியது என் தமையனின் மகன். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முந்திய பிள்ளைகளின் விஷயத்தில் கிழவர்களின் ஞாபகத்தை எவரும் சாட்சியாக எடுக்க வேண்டாம்.)

அதோடு நிற்காமல் குமரகுருபர சுவாமிகளின் கதையையும் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அக்குழந்தை ஐந்து வயதுவரை பேசவில்லை. திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பது நாமெல்லோரும் அறிந்த வரலாறு. "அவரே ஐந்து வயதில்தான் கதைச்சவர், இவனுக்கு இரண்டுதானே!" என்று நான் சொன்னபோது மருமகள் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்: "மாமா, அவற்றை தாய் தகப்பன் வீட்டிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கேல்லையே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனவையெல்லோ." ஐம்பது வருடங்களாக அக்கதையை நான் பலருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். பெற்றார் தங்களுக்குத் தெரிந்த உதவியைத் தேடிப் புறப்பட்டார்கள் என்ற பகுதியை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

இதனிடையே வேறொரு தவறும் நடந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்ட இடத்தில் ஒருவர், "வீட்டில் இரண்டு பாஷை கேட்பதால்தான் குழம்பிப் போயிருக்கிறான், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று ஆலோசனை கூறினார். நல்லெண்ணத்துடன் கூறியதே. நாங்களும் ஏற்றுக்கொண்டோம். என் மனைவிக்கு ஆங்கிலம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு வரும். ஒரு குழந்தையைக் கொஞ்சும் அளவுக்கு வராது. கொஞ்சுவதற்கு வேண்டிய ஆங்கிலம் எனக்கும் வராது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். சோறு தீத்தும்போது நிலாவையும் காகத்தையும் காட்டிக் கதை சொன்னவர், "ஈற், ஈற்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மௌனமானார். பிள்ளை வாய் திறப்பதற்காகத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் பேசாதவர்கள் இருவராக இருந்தனர்.

மருமகள் கோயிலுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். காரணம் கேட்டபோது, "எல்லாரும் பிள்ளையின்ரை கன்னத்தைத் தட்டி, இன்னும் கதைக்கேல்லையோ எண்டு கேக்கினம் மாமா" என்றார். கேட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள்.

கடைசியில் அவர் எவரையும் கேளாமல் ஒரு மதியம் தானே தொலைபேசியை எடுத்தார். இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்குமுன் உள்ள குழந்தைகளின் பேச்சுக்கும் மொழிக்கும் உதவுவதற்காக ஒன்ராறியோ அரசாங்கம் 1996ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. ரொறன்ரோ நகரத்தில் அது ஏர்லி எபிலிற்றீஸ் என்ற பெயரில் இயங்குகிறது. பணம் கட்டத் தேவையில்லை. குடும்ப வைத்தியரின் கடிதமும் தேவையில்லை. தாயோ தகப்பனோ நேரடியாகப் பிள்ளையைப் பதிவு செய்யலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். எந்த இலக்கத்தை அழைப்பது என்று தெரியாவிட்டால், நகரசபையின் 311 என்ற இலக்கத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். ரொறன்ரோவிற்கு வெளியே உள்ளவர்களுக்கு அந்தந்தப் பகுதியில் வேறு நிலையங்கள் உள்ளன: ஏஜக்ஸ், பிக்கறிங் பக்கத்தவர்களுக்கு கிறான்ட்வியூ, மிசிசாகா, பிரம்ரன் பக்கத்தவர்களுக்கு எறின்ஓக் என்றவாறு.

ஆனால் கூப்பிட்ட மறுநாளே சிகிச்சை கிடைத்துவிடாது. காத்திருப்போர் பட்டியல் உண்டு. எங்களுக்கும் மாதக்கணக்கில் சென்றது. "பார்ப்போம், பொறுப்போம்" என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலில் நம் பிள்ளையின் இடத்தைப் பின்தள்ளுகிறது. நான் வீணாக்கிய ஏழு மாதங்களை இப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு. அழைத்துப் பதிந்த பிறகு பிள்ளை தானாகவே பேசத் தொடங்கிவிட்டால், நன்றி சொல்லிப் பெயரை எடுத்துவிடலாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

எந்த வயதில் எதனை எதிர்பார்க்கலாம்? ஒன்ராறியோ அரசு பெற்றாருக்காக வெளியிட்டுள்ள அட்டவணையில், பதினெட்டு மாதத்தில் 20 சொற்களாவது சொல்லவேண்டும் என்றும், இரண்டு வயதில் 100 சொற்கள், அத்துடன் "இன்னும் பால்", "அப்பா வா" போல இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவேண்டும் என்றும் இருக்கிறது. பதினெட்டாம் மாதத்தில் குழந்தையின் வளர்ச்சியை விரிவாகப் பார்க்கும் சந்திப்பு ஒன்றை 2009 முதல் இம்மாகாண வைத்தியர்கள் செய்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அங்கே தரும் கேள்வித்தாளில் பிள்ளை செய்யாததைச் செய்வதாகப் புள்ளடி போடாதீர்கள். நாங்கள் ஓரிரண்டு இடத்தில் போட்டோம். பரீட்சைத் தாளில் புள்ளி குறையக் கூடாது என்ற யாழ்ப்பாணத்துப் புத்தி!

பிந்திப் பேசும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. நான் மருமகளுக்குச் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்பதை இரண்டு வயதில் பார்த்த மாத்திரத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

முதலில் அவர்கள் கேட்டது காது சோதனை. "பிறந்தபோதே பார்த்தாயிற்றே" என்றோம். ஒன்ராறியோவில் பிறக்கும் குழந்தைகளுக்குச் செவிப்புலன் சோதனை செய்யும் திட்டம் 2002 அளவில் தொடங்கியது. எங்கள் பேரனும் அதில் தேறியவனே. ஆனால் பிறந்தபோது கேட்ட காது பின்னர் குறையலாம். தடிமன் வந்து போகும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தங்குவது சாதாரணம். வலி இராது, காய்ச்சல் இராது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலிருக்கும். எங்களவனுக்கு இரண்டு காதிலும் அது இருந்தது.

அந்தச் சோதனையைப் பார்த்தது எனக்கு ஒரு புதுமை. ஓசை புகாத சிறு அறை. பிள்ளை தாயின் மடியில் இருக்கிறான். ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய சத்தம் வரும். அவன் அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை வெளிச்சத்துடன் ஆடும். திரும்பாவிட்டால் ஆடாது. சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் பிள்ளை திரும்பவே இல்லை. எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. அவனை எத்தனை தரம் "சொல்வழி கேளாதவன்" என்று ஏசியிருப்பேன்! மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், வற்றாவிட்டால் சிறு குழாய் வைக்கலாம் என்றார்கள். அது தானாகவே வற்றிவிட்டது. ஆனால் நாங்கள் நினைத்தது போல அதோடு பேச்சு வந்துவிடவில்லை.

பேச்சு மொழிச் சிகிச்சையாளரை நாங்கள் சந்தித்தபோது பேரனுக்கு இரண்டு வயது பத்து மாதம். பக்குவமான ஒரு பெண்மணி, தமிழ் தெரியாதவர். மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார். "என்னென்ன சொற்கள் சொல்கிறான்?" என்று கேட்டார். மகன் ஆங்கிலச் சொற்களைச் சொன்னான்: கார், பாய், நோ, ஜூஸ்... ஒன்பது. "தமிழில்?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். தமிழைக் கணக்கில் எடுப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவேயில்லை. அப்போது இதுவரை வாயே திறவாதிருந்த என் மனைவி சொல்லத் தொடங்கினார்: சோச்சி, தா, வா, மாமா, காகத்தைக் கண்டால் கா கா, சாமி, கோயில் மணிக்கு டாங். அந்த அம்மையார் எல்லாவற்றையும் எழுதினார். டாங் உட்பட. எப்போதும் ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைப் பிள்ளை பயன்படுத்தினால் அதுவும் சொல்தானாம். ஒன்பது பதினாறாயிற்று. ஆங்கிலத்துக்கு மாறியபோது நாங்கள் கணக்கிலிருந்து வெட்டிப்போட்டவை அந்த ஏழும்.

தமிழை நிறுத்தச் சொன்னார்கள் என்று மருமகள் கூறியபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்தை உண்டாக்காது. பெற்றாரும் பேரன் பேத்தியாரும் தங்களுக்கு நன்றாக வருகிற மொழியிலேயே பேசவேண்டும் என்றார். இது அவருடைய தனிப்பட்ட கருத்தன்று. இரு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் படித்தவர்களிடமும் இருந்தது. 1962இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீலும் லம்பேட்டும் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் அறிந்த பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளுக்குப் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முந்தியும் நின்றார்கள் என்று காட்டினர். மொழி கற்பதிலேயே குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு பிற்காலத்தது. ஜொஹான் பரடி, பிரெட் ஜெனசி முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய குறைபாடுள்ள இருமொழிப் பிள்ளைகள், அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்று கண்டார்கள். ஒரு மொழியைப் பிடுங்கிவிட்டால் மற்றது செழிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. பிடுங்கிய இடத்தில் மிஞ்சுவது பேச்சற்ற ஒரு பாட்டிதான் என்பதற்கு எங்கள் வீடே ஆதாரம்.

அன்றிரவு என் மனைவி சோறு தீத்தியபோது காகம் திரும்பி வந்தது, நிலாவும் வந்தது.

சிகிச்சை என்றால் நாக்குக்குப் பயிற்சி, மருந்து என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் பயிற்சி பெரும்பாலும் எங்களுக்குத்தான். ஹேனன் நிலையம் என்று ரொறன்ரோவில் ஒன்று இருக்கிறது. ஐலா ஹேனன் மனோல்சன் என்ற பெண்மணி 1975இல் மொன்றியலில் தொடங்கிய முயற்சி அது. பெற்றாரையே பிள்ளைக்கு மொழி கற்பிப்பவராக ஆக்கும் அவர்களுடைய முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. எங்களுக்குக் கற்பித்ததும் அந்த வழியை ஒட்டியே. பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள். "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அவன் பார்வையாலோ கையாலோ வாயாலோ பதில் தர இடம் விடுங்கள். அவன் "கார்" என்றால் நீங்கள் "சிவத்தக் கார்" என்று ஒன்றைக் கூட்டுங்கள்.

கேட்பதற்கு இலேசு. ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு அந்தப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். நாலு எண்ணுவதற்குள் நானே விடையைச் சொல்லிவிடுவேன். என் மனைவிக்கு அது இயல்பாகவே வந்தது.

தொலைக்காட்சி, கைத்தொலைபேசி பற்றியும் சொன்னார்கள். இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது கனடிய குழந்தை வைத்தியர் சங்கத்தின் ஆலோசனை. ஊரிலுள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசுவது மட்டும் விலக்கு. ரொறன்ரோவில் பதினெட்டு மாதக் குழந்தைகள் ஏறத்தாழ 900 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வொன்றில், கையடக்கத் திரைகளைப் பார்க்கும் நேரம் கூடக்கூட வாய்ப்பேச்சுத் தாமதமும் கூடுதலாகக் காணப்பட்டது. திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் திரை ஓடும்போது வீட்டில் எவரும் பேசுவதில்லை என்பதை நிரூபிக்க ஆய்வு வேண்டியதில்லை.

வசம்பு பற்றி எழுதாவிட்டால் என் வயதினர் கேட்பார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று ஊரில் அதற்குப் பெயர். நாவில் உரைத்துத் தடவினால் பேச்சுத் திருந்தும் என்று எனக்கும் சொன்னார்கள். வசம்பில் பீற்றா அசறோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் தீமை கருதி 1968இல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் பொன் உரைத்துக் கொடுப்பதும் ஆபத்தானது. தேனில் உள்ள ஒருவகைக் கிருமி அவ்வயதில் நரம்புகளைத் தாக்கும் நோயை உண்டாக்கக்கூடும். நம் முன்னோர் அன்போடுதான் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இந்தியாவில் மைசூர் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கியதே 1965இல். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றத் தொடங்கியது 1997இல். நாங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் யாரிடம் போயிருப்போம்?

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விரலால் சுட்டிக்காட்டாமை, முகம் பார்த்துச் சிரியாமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியவற்றில் எதுவும் பேச்சுத் தாமதத்துடன் சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாக வைத்தியரிடம் செல்லவேண்டும். ஓட்டிசம் என்ற சொல்லைக் கேட்க நம்மவர் பயப்படுகிறார்கள். எங்கள் பேரனையும் அதற்காகச் சோதித்தார்கள். அது இல்லை என்றார்கள். இருந்திருந்தால் நான் இதனை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உடனே ஆம் என்று சொல்ல முடியவில்லை. நமது அங்கத்தவர் குடும்பங்களில் அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றார் மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை சத்தமிட்டால் உடனே எழுந்து வெளியே போவதற்காகத்தான் அவர்கள் அங்கே உட்காருகிறார்கள். நாம் திரும்பிப் பார்க்கும் பார்வையும் அதற்கு ஒரு காரணம்.

பேரனுக்கு இப்போது நான்கரை வயது. பாலர் வகுப்புக்குப் போகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வசனங்கள் குட்டை, அந்நியருக்குப் பாதிதான் விளங்கும், பள்ளிக்கூடத்திலும் உதவி தொடர்கிறது. சென்ற விஜயதசமிக்கு ஏடு தொடக்கக் கொண்டுவந்தோம். குருக்கள் அவன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதி, "சொல்லுங்கோ, அ" என்றார். அவன் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணியபோது என் பக்கம் திரும்பி, "அப்பப்பா, அரிசி கூசுது" என்றான்.

தொலைபேசியில் அழைக்கவோ படிவம் நிரப்பவோ துணை வேண்டியவர்கள் எங்களிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். சனிக்கிழமைகளில் மதியப் பூசைக்குப் பின் நானும் மனைவியும் சமையற்கூடப் பக்கத்தில் இருப்போம். தனியே பேச விரும்பினால் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்றும் பேசலாம். மருமகளும் பெரும்பாலும் வருவார்.